ஆளில்லா வீட்டின் படம்

பெங்களூரிலிருந்து வந்த சசிதரனுக்கும் அவர் மனைவி ஓவியாவுக்கும் கரண்ட் இல்லாத இடம் வேண்டியிருந்தது. கரண்ட் இல்லாத இடத்துக்குக் கம்பத்தில் பஞ்சமில்லை. நாலு தூறல் விழுந்தாலே ஊர் முழுக்க அப்படித்தான். ஆனால் அவர்களுக்கு ரோடும் இருக்கக்கூடாது, செல்போன் டவரும் இருக்கக்கூடாது, பக்கத்து வீடும் இருக்கக்கூடாது. அங்கே ஏழு நாள் தங்க வேண்டும், தங்கியதை உலகத்துக்கெல்லாம் சொல்ல வேண்டும். 2005 ஐப்பசியில், சுருளிப்பட்டிக்கு மேலே மலைக்குள் இருந்த சீனிச்சாமியின் வீடு அவர்களுக்குப் பிடித்துப்போனது. மண்சுவர், தகரக் கூரை, வாசலில் ஒரு கல் அடுப்பு. சீனிச்சாமியும் அவர் மனைவி முருகம்மாளும் வீட்டை விருந்தாளிகளுக்கு விட்டுவிட்டு ஆட்டுக் கொட்டகைக்குக் குடிபோனார்கள்.

இரண்டாம் நாளே சசிதரனின் கேமராவில் பாட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் இல்லாத இடத்தில் சார்ஜ் ஏற்ற முடியாது என்பது அத்தனை படித்த மனிதருக்கு அங்கே போய்த்தான் உறைத்தது. படமில்லாத தனிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சீனிச்சாமியைக் கீழே விரட்டினார். அவர் மலையிறங்கி, பஸ் பிடித்து, கம்பத்தில் நௌஷாத்தின் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்றார்.

நௌஷாத் கல்யாண ஆல்பத்துக்குப் பேர் போனவன். மாப்பிள்ளைக்குப் பின்னால் மூக்கு நோண்டும் சித்தப்பா, பந்தியில் குறுக்கே வரும் சாம்பார் வாளி, பந்தல்காரன் மறந்துபோன ஏணி, இதெல்லாம் அவன் ஆல்பத்தில் இருக்காது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து துடைத்துவிடுவான். கோபித்துக்கொண்டு போன மூத்த மருமகனை ஒரு ஆல்பம் முழுக்கத் துடைத்து, சமாதானம் ஆனதும் திரும்ப ஒட்டிக் கொடுத்ததும் உண்டு. இந்த ஊர்க் குடும்பங்களின் ஒற்றுமையில் பாதி அவன் கைவேலை. அவனுக்கு ஒரே ஒரு குறை: இங்கிலீஷ் பத்திரிகை எதிலும் அவன் படம் வந்ததில்லை. சசிதரன் எழுதப்போவது அப்படி ஒரு பத்திரிகைக்கு என்று கேட்டதும் மூச்சிரைக்க மலையேறிவிட்டான்.

"போஸெல்லாம் வேணாம் பாய். நாங்க பாட்டுக்கு வாழ்ந்துட்டு இருப்போம், நீங்க பாட்டுக்கு எடுங்க" என்றார் சசிதரன்.

வாழ்வது என்றால் விறகு பிளப்பது. சீனிச்சாமி கட்டையை முக்கால்வாசி பிளந்து நிறுத்திவைக்க, சசிதரன் கோடரியை ஓங்கி மிச்சத்தைப் பிளந்தார். அதிலும் மூன்று தடவை குறி தப்பியது. முருகம்மாள் ஊதி ஊதி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு விலக, ஓவியா வந்து குந்தி உட்கார்ந்தார். புகை கண்ணில் ஏறிக் கண்ணீர் வழிந்தது. அந்த ஒன்று மட்டும் நிஜமாகவே இயற்கையாக இருந்தது.

ஓவியாவுக்கு இன்னொரு வருத்தம். "இது இலையுதிர் காலம்தானே? ஏன் எல்லாம் பச்சையாவே இருக்கு?"

"இங்கன இப்பத்தானத்தா மழ விழுந்து எல்லாம் துளுக்குது" என்றார் முருகம்மாள், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல.

மலை தன் கடமையைச் செய்யவில்லை என்பதற்காக நௌஷாத் விட்டுவிடுவானா? கீழே போய், உத்தமபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாதாம் மரத்தடியில் பழுத்துச் சிவந்த இலைகளை ஒரு சாக்கு நிறைய அள்ளிவந்து வாசலில் பரப்பினான். ஓடைக்குப் போய் முகம் கழுவிவிட்டுத் திரும்பினால் வாசல் துடைத்து வைத்தது போலக் கிடக்கிறது. இலையுதிர் காலம் ஓரமாகக் குவிந்து புகைந்துகொண்டிருந்தது.

"ஐயையோ, ஏன்க்கா கூட்டுனீக?"

"வாசல் இம்புட்டுக் குப்பையாக் கெடந்தா எப்பிடித் தம்பி? வந்தவுக என்ன நெனைப்பாக?"

மறுநாள் இரண்டாவது சாக்கு வந்தது. முருகம்மாள் விளக்குமாற்றைக் கையில் எடுக்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. அவர் அடுப்படியிலேயே நின்று, வாசலைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் நகர்ந்தால் அடுப்பு அணைந்துவிடும். சீனிச்சாமி நகர்ந்தால் விறகு நிற்காது. ஆகவே எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் இரண்டு பேரில் ஒருவர் தெரிந்தார்.

"பரவால்ல, இவங்களைப் பின்னாடி எடுத்துடுவீங்கல்ல?" என்று கேட்டார் ஓவியா.

நௌஷாத் எடுத்தான். ஒரு படம் பாக்கியில்லாமல் இருவரையும் துடைத்தான். கார்த்திகைக் கல்யாணங்கள் வந்து கம்ப்யூட்டரில் இடம் போதாமல் போனபோது, துடைக்காத படங்களை மொத்தமாக அழித்தான். சில மாதங்களில் பத்திரிகை வந்தது. 'ஆளில்லாத மலையில் ஏழு நாள்' என்று தலைப்பு. ஒரு மனிதக் குரல்கூடக் காதில் விழவில்லை என்று சசிதரன் எழுதியிருந்தார். மூன்று வேளையும் சோற்றுக்குக் கூப்பிட்ட முருகம்மாளின் குரல் கொட்டகை வரைக்கும் கேட்கக்கூடிய குரல். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நௌஷாத்தின் பெயர் இருந்தது. அவன் படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து, தன் நாற்காலிக்கு மேலே மாட்டினான். வீடு, சிவந்த இலை, புகை, ஒற்றைக்காலைத் தூக்கிய கோழி. பார்த்தவர்களெல்லாம் எந்த நாடு என்று கேட்டார்கள்.

2009-இல் ஒரு நாள் சீனிச்சாமியும் முருகம்மாளும் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். மலையில் குடியிருப்பவர்களுக்கு இடத்தை எழுதிக் கொடுக்க மனு வாங்குகிறார்களாம். 2005 முடிவதற்கு முன்னாலேயே அங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். ரேஷன் கார்டு சுருளிப்பட்டியில் மகள் வீட்டு விலாசத்தில் இருந்தது. மலைமேல் எந்த ரேஷன் கடை இருக்கிறது? அத்தாட்சி இல்லையென்றால் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள்.

"அன்னைக்கு அம்புட்டுப் படம் எடுத்தீகளே பாய், எதுலயாச்சும் ஓரமா நாங்க நிப்பம்ல? அதுல ஒண்ணு குடுங்க" என்றார் சீனிச்சாமி.

அந்தப் படங்களைத்தான் நௌஷாத் எப்போதோ அழித்துவிட்டானே. இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் தன் கையால் முடியாதது என்று ஒன்று உண்டா என்ன? மனுவில் ஒட்ட வேண்டும் என்று சொல்லி, இருவரையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தான். அன்று ராத்திரியே சீனிச்சாமியின் தலைமுடியைக் கறுப்பாக்கி, முருகம்மாளின் சேலை நிறத்தை மாற்றி, இருவரையும் அவர்கள் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் ஒட்டினான். மூலையில் 2005 என்று தேதியும் போட்டான்.

"இந்தக் கலர்ல எங்கிட்டச் சேலையே கெடையாதே தம்பி" என்றார் முருகம்மாள்.

"கேமராவுல அப்பிடித்தான்க்கா விழுகும்."

பத்து நாள் கழித்து விசாரணை அதிகாரி அந்தப் படத்தோடு ஸ்டுடியோவுக்கே வந்தார். சீனிச்சாமியும் முருகம்மாளும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். "இது நீங்க எடுத்ததா?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தவர், நௌஷாத்தின் தலைக்கு மேலே மாட்டியிருந்ததைப் பார்த்தார். கையிலிருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அதே புகை, அதே இலை, அதே காலைத் தூக்கிய அதே கோழி. ஆட்கள் மட்டும் இல்லை.

"ரெண்டுல எதுங்க பொய்?"

மூன்று வருஷத்துக்கும் மேலாக வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டிப் பெருமையடித்த படம் அது. நௌஷாத் சீனிச்சாமியின் முகத்தைப் பார்த்தான். பார்த்தபிறகு வேறு எதுவும் சொல்ல முடியவில்லை.

"செவுத்துல இருக்கதுதான் சார் பொய். அன்னைக்கு இவுக ரெண்டு பேரும் அங்கன நின்னாக. நான்தான் தொடச்சேன்."

"சரி. அப்ப என் கையில இருக்கது தொடைக்கறதுக்கு முந்தினதா?"

"இல்ல சார். அத அழிச்சுட்டேன். இது போன வாரம் ஒட்டினது."

அதிகாரி கெட்டவர் இல்லை. சிரிக்காமல் இருக்க முயற்சி செய்தார். "இருந்த ஆளுகளத் தொடச்சிட்டு, அப்புறம் அதே ஆளுகள அதே எடத்துல ஒட்டினீங்க?"

"ஆமா சார்."

ஒரு வார்த்தை பிசகாத உண்மை. சொல்லி முடித்ததும் நௌஷாத்துக்கே நம்பிக்கை வரவில்லை. "இந்தத் தாலுகாவுல ஒட்டிக் கொண்டுவந்த படம் இது பதினோராவது" என்று சொல்லிவிட்டு அதிகாரி பெஞ்சில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்து, ஆதாரம் இல்லை என்று எழுத ஆரம்பித்தார்.

நௌஷாத் வெட்கத்தில் தலை குனிந்தான். சீனிச்சாமி ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் திட்டவில்லை. முருகம்மாள்தான் முன்னால் வந்தார். நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், குதிகாலை உயர்த்தி, சுவரிலிருந்த படத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"ஐயா, இங்கன பாருங்க. இங்கனதான் நான் நின்னேன்."

அதிகாரி எழுதுவதை நிறுத்தி, எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த விரலுக்குக் கீழே உற்றுப் பார்த்தார். அங்கே புல் இருந்தது. ஒட்டுத் தெரியாமல், நிழல் பிசகாமல், அச்சு அசலான பச்சைப் புல். நௌஷாத் அதை அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான்.