எஞ்சின் பெட்டிக்குப் பாவாடை

மலேசியாவின் லகாட்டில் மழை பெய்தால்தான் தேவிகாவின் போன் அடிக்கும். ஈயம் தோண்டிய பழைய குட்டையில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக்காட்டிய படகை அவள் பொறுப்பில் விட்டுவிட்டு, புருஷன் குணாளன் சரவாக்கில் கப்பல் வேலைக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. மழை என்றால் படகின் பின்பக்கம் ஒழுகி, எஞ்சின் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று கேட்காத மனுஷன் அதை மட்டும் மறக்காமல் கேட்பான்.

தார்ப்பாயை மாற்றி மாற்றிப் போட்டு அலுத்துப்போனவளுக்குப் போன வாரம்தான் ரப்பர் தோட்டத்து ஞாபகம் வந்தது. கித்தா மரத்தில் பால் வடியும் மங்குக் கிண்ணத்துக்குள் மழை விழாமலிருக்க, மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் பாவாடை ஒட்டுவார்களே! அதேபோல் எஞ்சின் மூடியின் விளிம்பைச் சுற்றித் தார் பூசி ஒரு பாவாடை ஒட்டிவிட்டாள்.

இன்று வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மழை விட்டதும் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவினாள். ஒரு சொட்டு இல்லை. துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அப்போது போன் அடித்தது.

“அங்க மழைதானே லா? தண்ணி இறங்கிருச்சா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். சொல்லிவிட்டால் அடுத்த மழைக்கு எதற்குக் கூப்பிடுவான்?

“இறங்கிருச்சுங்க. நீங்க வந்து பாத்தாத்தான் சரிப்படும்.”

“போட்டோ எடுத்து அனுப்பு. பாக்குறேன்.”

தேவிகா படகில் கிடந்த மங்கில் குட்டைத் தண்ணீரை மொண்டு, காய்ந்திருந்த எஞ்சின் பெட்டிக்குள் மெதுவாக ஊற்றினாள்.