குழந்தைவேலைக் குழாயிலிருந்து கழுவி எடுத்தது

செடிகள் வளர்கிற குழாயைக் கழுவும் நாளில் அவற்றை ஹாலில் உட்கார வைத்துவிட வேண்டும். பூங்கோதை லெட்டூஸ் கீரைகளை சோபாவில் அமர்த்தி, வேர்களுக்கு அடியில் ஈரத்துண்டு விரித்து, டிவியைப் போட்டாள். புதினாவுக்குச் செய்தி பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிரிக்கெட் வைத்ததும் சமாதானமாயிற்று.

பிறகு பால்கனிக்குப் போனாள். செடி இருந்த ஓட்டை ஒன்றில் வாயை வைத்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, கழுவப் போறனுங்க. இந்தத் தடவையாவது வெளிய வாங்க."

குழந்தைவேல் போன மழைக்காலத்தில் குழாய்க்குள் போனவர். உள்ளே மாட்டிக்கொண்ட பிரஷை எடுக்கத்தான் போனார். கோயமுத்தூரில் அன்றைக்கு நல்ல புழுக்கம். குழாய்க்குள் குளுகுளுவென்று இருந்ததாம். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். மழை நின்று, பனி போய், மாங்காய் வந்துவிட்டது.

மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கிற அந்த வெள்ளைக் குழாய், முதலில் பால்கனி அளவுக்குத்தான் இருந்தது. ஆள் உள்ளே போன பிறகு அதுவும் வளர்ந்தது. ஹாலைச் சுற்றிக்கொண்டு, படுக்கையறையை எட்டிப் பார்த்துவிட்டு, சமையலறையில் போய் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"என்ன அவசரம் அம்மணி? அடுத்த மாசம் கழுவிக்கலாம்" என்றது உள்ளிருந்து குரல்.

"பாசி புடிச்சுப்போச்சுங்க. மோட்டாரு மூச்சு வாங்குது. எங்க, உங்க காலக் காட்டுங்க."

ஓட்டையில் ஒரு பாதம் தெரிந்தது. விரல் நுனிகளில் வெள்ளை வேர்கள் விட்டிருந்தன. ஒன்றிரண்டு பழுத்துக் கொழகொழவென்று ஆகியிருந்தன. வேர் அழுகல். நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த ஒரு தக்காளிச் செடியை அவள் இப்படி அழுகித்தான் பறிகொடுத்திருந்தாள். இனி இவரைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை என்று, குழாய்க்குத் தண்ணீர் விடுகிற தொட்டியின் அடைப்பைத் திருகித் திறந்தாள்.

பழைய தண்ணீர் வடிந்து மேல்மாடிக்குப் போயிற்று.

மேல்வீட்டு நாச்சிமுத்து உடனே இறங்கி வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது.

"ஏனம்மணி, எங்கூட்டுக்குள்ள தண்ணி வருது."

"மன்னிச்சுக்குங்கண்ணா. இங்க வடிய உட்டனுங்க."

"வெறுந் தண்ணியா, வேற ஏதாச்சுமா?"

"சத்துத் தண்ணிங்க."

"அதான பாத்தேன். சாப்பாட்டு மேசையில மாங்கா புடிச்சிருக்குது. கதவு தழைஞ்சுபோயிச் சாத்த முடியல. பீரோ பூ உட்டிருக்குது." அவர் மீசையைத் தடவினார். அதில் கொத்தமல்லி முளைத்திருந்தது. "இன்னுங் கொஞ்சம் வருங்களா? கட்டிலு மட்டும் துளிர் உடவே இல்ல."

"வருங்கண்ணா. அதுக்குள்ள நீங்க சமையல்கட்டுல நில்லுங்க. இவரு தலை வந்துதுன்னா ஒரு சத்தம் குடுங்க."

"அதுக்கென்ன" என்று அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார்.

பூங்கோதை தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி, வினிகர் பாட்டிலைத் திறந்தாள்.

"கண்ண மூடிக்குங்க. வினிகர் வருது."

"உடாத! நான் வரல. வெளிய அப்பிடி என்னதான் இருக்குது?"

அவள் யோசித்தாள். வெளியே வெயில் இருந்தது. தெருவைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"கத்திரிக்காச் சாம்பார் இருக்குதுங்க" என்றாள். அப்புறம், "நான் தனியாவேதான் சாப்புட்டுட்டு இருக்கறேன்."

குழாய்க்குள்ளிருந்து ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது.

"எந்தக் கத்திரிக்கா?"

"வரிக் கத்திரிக்காங்க."

"வினிகர உடு."

மோட்டாரைப் போட்டாள். வீடு முழுக்கக் குழாய் உதறிக்கொண்டது. பச்சைப் பச்சையாகப் பாசி போயிற்று. பிரஷ் போயிற்று, ஒற்றைச் செருப்பு போயிற்று, ஒரு தவளையின் சத்தம் மட்டும் தனியாகப் போயிற்று. நல்ல தண்ணீர் விட்டு அலசினாள். திரும்பவும் அலசினாள்.

"தலை வந்திருச்சு!" என்று சமையலறையிலிருந்து நாச்சிமுத்து கத்தினார். "தோளும் வந்திருச்சு! கையி வந்திருச்சு! அம்மணி, மிச்சத்தக் காணோமுங்க!"

மிச்சம் குழாய்க்குள் இருந்தது. குழாய் நீண்ட அளவுக்கு ஆளும் நீண்டிருந்தார். இந்தப் பக்கம் பால்கனியில் அவருடைய பாதங்கள் மட்டும் எட்டிப் பார்த்தன. வேர்கள் மோட்டாரை இறுக்கிப் பிடித்திருந்தன.

"இவரு சாப்புட ஆரம்பிச்சுட்டாருங்க!" என்றார் நாச்சிமுத்து. "அங்க கத்தி கித்தி வேணுங்களா?"

"வேண்டாங்கண்ணா. வலிக்கும்."

பூங்கோதை தரையில் உட்கார்ந்து, பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சிக்கு எடுப்பதுபோல ஒவ்வொரு வேராக விரலால் பிரித்தாள். பழுத்தவை கையோடு வந்தன. வெள்ளையானவை கொஞ்சம் யோசித்துவிட்டுத் தாமாகவே விட்டுக்கொடுத்தன. கடைசி வேர் உள்ளங்காலை உரசிக்கொண்டு கழன்றது. கட்டைவிரல் துடித்தது.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை. அவள் துண்டெடுத்து இரண்டு பாதங்களையும் துடைத்து முடித்தபோது சமையலறையில் ஒரு சிரிப்பு வெடித்தது.

"அம்மணி, ஒண்ணுமே சொல்லலீங்க, இவரு பாட்டுக்குச் சிரிக்கறாரு!"

பூங்கோதைக்குப் புரிந்தது. கூச்சம் காலிலிருந்து தலைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கிறது. அவ்வளவு தூரம்.

அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். உள்ளங்காலில் ஒரு விரலால் நன்றாகக் கிச்சுக்கிச்சு மூட்டினாள். முதல் ஓட்டையில் கணுக்கால் குலுங்கியது. எழுந்து ஓடினாள். சிரிப்பு குழாய்க்குள் ஓட, அவள் வெளியே ஓடினாள். ஹாலில் முழங்கால் குலுங்கியது. படுக்கையறை வாசலில் இடுப்பு. வளைவில் அது கொஞ்சம் தடுமாறியது; அவள் முந்திக்கொண்டாள்.

சமையலறையில் குழந்தைவேல் தட்டிலிருந்து முகத்தைத் தூக்கினார். தாடி வளர்ந்திருந்தது. கன்னத்தில் சாம்பார். பூங்கோதையைப் பார்த்ததும் என்னவோ சொல்ல வந்தார். வாய் நிறையச் சோறு.

"முழுங்குங்க, முழுங்குங்க" என்றாள் மூச்சு வாங்க. "வந்துட்டே இருக்குது."

அவர் விழுங்கினார். அது வந்து சேர்ந்தது.