வெளியே தெரிந்த முடிச்சு

மூன்றாவது தடவையும் மொழிப்பாடத்தில் கோட்டைவிட்டால் மேற்பார்வையாளர் வேலை கைநழுவிப் போய்விடும். ஆயத்த ஆடை ஆலையில் பதினாறு வருஷம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டியவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் ஒன்றுதான் குறை. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். இந்தக் கதைப் பாடம்தான் கழுத்தை அறுத்தது.

கதை என்னவோ இரண்டே பக்கம். ஒரு குமாஸ்தா வேலைக்குப் போகிறான். மனைவி தைத்துவிட்ட சட்டைப் பொத்தானில் நூல் முடிச்சு வெளிப்பக்கம் இருப்பதைப் பார்க்கிறான். நாள் முழுக்க அதைத் தடவிக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான். இதைப் போய் ஐம்பது வருஷமாகக் கொண்டாடுகிறார்களாம்.

"முடிச்சு எதுக்குக் குறியீடு? சொல்லும்மா," என்றாள் மகள். கல்லூரியில் இலக்கியம் படிக்கிற மிடுக்கு.

"தைக்கத் தெரியாதவ தைச்சிருக்கா. எங்க லைன்ல வந்தா ரிஜெக்ட் பண்ணிருவேன்."

"ஐயோ அம்மா! முடிச்சுன்னா முடிச்சு இல்ல. புருஷன் பொண்டாட்டிக்குள்ள தீராத கசப்பு. உள்ள இருக்க வேண்டியது வெளிய வந்துடுச்சு. நோட்ஸ்ல இருக்கு. இதை எழுதினா அஞ்சு மார்க்."

"முடிச்சு முடிச்சு இல்லன்னா, அப்ப பொத்தான்?"

"பொத்தானைக் கேக்க மாட்டாங்க. விடு."

அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அடுத்த அறையில் கணவன் மூச்சுக் காட்டவில்லை. 'இந்தத் தடவையும் முட்டைதான் வாங்கப்போறே' என்று அவன் வாயை விட்டு ஒன்பது நாளாகிறது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட மகள் வழியாகத்தான்.

பரீட்சையன்று மகள் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். வீட்டுத் தையல் மிஷின் பக்கத்தில் நின்றிருந்தவள் எதிரே, கணவன் வேலைக்குப் புறப்பட்டு வந்து நின்றான். நெஞ்சுப் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் கையில் அகப்பட்ட ஊசியை எடுத்து, நின்றவன் நின்றபடியே தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. அவன் படியிறங்கிப் போனான்.

கேள்வித்தாளில் முடிச்சு வந்திருந்தது. 'தீராத கசப்பு' என்று எழுதியவளின் பேனா நின்றது. காலையில் போட்ட முடிச்சு எந்தப் பக்கம்? வெளியே! பதினாறு வருஷத்தில் அவள் கையிலிருந்து அப்படி ஒரு முடிச்சு வந்ததில்லை. கசப்பா? கசப்புதான், இல்லையென்று சொல்ல முடியுமா? அப்படியானால் எதற்குத் தைத்தாள்? ஒன்றும் பிடிபடவில்லை. குழம்பிக் குழம்பி அழுகை வந்தது.

"இன்னும் பத்து நிமிஷம்," என்றார் கண்காணிப்பாளர்.

நோட்ஸ் பதிலை ஒரே கோடாக வெட்டினாள். ஐந்து மார்க் போகிறது என்று தெரிந்தேதான் வெட்டினாள். கீழே எழுதினாள்:

'சட்டையைக் கழற்றச் சொல்லியிருந்தால் முடிச்சு உள்ளே போயிருக்கும். அதற்கு அவள் முதலில் பேச வேண்டும். பேசவும் மாட்டாள், பொத்தானில்லாமல் அனுப்பவும் மனசு வராது. அவனும் சட்டையைக் கழற்றி மிஷின் மேல் வைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். வைக்கவில்லை.'

எழுதிய பிறகுதான் உறைத்தது, கதையில் மிஷினே கிடையாது. மணி அடித்தது. அந்த வரியை வெட்டாமலே விடைத்தாளைக் கொடுத்தாள்.