இடுப்பு நாற்பத்திரண்டு

ஜூன் முதல் வாரத்தில் என் கடை வாசலில் நிற்கும் வரிசை கபாலி கோயில் குளத்தை மூன்று சுற்றுச் சுற்றி, வாலை லஸ் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் நம்ப வேண்டாம். என் கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைத்த ஜமீலுன்னிசாவே நம்ப மாட்டாள். "நாப்பது பேர் நின்னாங்க மாஸ்டர். அதுல பத்து பேரு பக்கத்துக் கடை பஜ்ஜிக்கு" என்பாள்.

என் பெயர் இசக்கிமுத்து. தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் முப்பத்தோரு வருஷம் பள்ளிச் சீருடை தைத்தேன். பையன்கள் வளர்வதைப் பெற்றவர்களைவிட நன்றாகப் பார்த்தவன் நான்தான். அவர்கள் தினம் பார்க்கிறார்கள், அதனால் தெரியாது. நான் வருஷத்துக்கு ஒரு தடவை டேப் வைத்துப் பார்க்கிறவன். பத்து வயது வரை சாதுவாக ஏறுவான். பன்னிரண்டு, பதின்மூன்றில் முதலில் பாதம் ஓடும். வாங்கிய செருப்பு மூன்றாம் மாதம் பற்றாது. அப்புறம் கால். அப்புறம் கை; சட்டைக்கை மணிக்கட்டை விட்டு ஓடிப்போகும். தோள் கடைசியில்தான் விரியும். இதற்குள் தொண்டையில் ஒரு முடிச்சு வந்து கழுத்துப் பட்டன் மூடாது, குரல் பாதிப் பேச்சில் தடுக்கி விழும், உதட்டுக்கு மேல் யாரோ பென்சிலால் கிறுக்கியிருப்பார்கள். ஒரு பையனுக்கு நான் வலது காலை அளந்துவிட்டு இடது காலுக்கு வருவதற்குள் அரை அங்குலம் கூடியிருந்தது. ஜமீலுன்னிசா இதையும் நம்பவில்லை.

ஆனால் ஷ்ரவண் விஷயத்தை அவளும் நம்புகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். ஆகவே இதில் நான் ஓர் அங்குலம்கூடக் கூட்டவில்லை. ஒரே ஒரு இடத்தில் இரண்டு அங்குலம் கூட்டினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என்னிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஒரு பையனுக்கு ஒரு பக்கம், ஒரு வருஷத்துக்கு ஒரு வரி. சித்திரக்குளத்துப் பக்கம் குடியிருந்த நீரஜா அம்மாவின் மூத்த பையன் வெங்கடரமணன். வீட்டில் ரமணன் என்பார்கள். 1987-இலிருந்து நான்கு வருஷம், நான்கு வரி. 1991 ஜூனில் வந்தபோது அவனுக்குப் பதினாலு வயது. போன வருஷப் பேண்ட் இன்னும் கச்சிதமாக இருந்தது. "இந்த வருஷம் வளரலியே தம்பி, துணி மிச்சம்" என்று சிரித்தேன். தேதியை மட்டும் எழுதி, வரியைக் காலியாக விட்டு அனுப்பினேன். ஆகஸ்டில் காய்ச்சல் வந்தது. எட்டே நாள். பதினேழாம் தேதி பையன் போய்விட்டான்.

அடுத்த ஜூனில் அந்த அம்மா இளையவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஷ்ரவண், பத்து வயது. அண்ணனைவிட ஐந்து வயது சின்னவன். அதே நெற்றி, அதே காது. அம்மாவின் பார்வை என் கழுத்தில் தொங்கிய டேப்பை விட்டு நகரவில்லை. அதை எடுத்துப் பையன் மேல் வைக்க எனக்குக் கை வரவில்லை. ஏதோ கண்ணளவு பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து ஒரு நடிப்பு நடித்தேன். அவர்கள் போனதும் அண்ணனின் பக்கத்தைத் திறந்து, 1987 வரியை அப்படியே தம்பி பக்கத்தில் எழுதினேன். அண்ணன் தம்பிதானே, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் ஆல்ட்ரேஷன்.

ஆல்ட்ரேஷனே வேண்டியிருக்கவில்லை. உடம்பிலேயே துணி முளைத்த மாதிரி பொருந்தியது. "டேப்பைத் தொடவே இல்லையே மாஸ்டர்!" என்றார் அந்த அம்மா. எனக்குத் தலை கூரையில் இடித்தது. அடுத்த வருஷமும் அதையே செய்தேன். அதற்கடுத்த வருஷமும். 1995 வரை நான்கு வரி, அத்தனையும் காப்பி.

1996 மே கடைசியில் அம்மாவும் பையனும் வந்தார்கள். ஷ்ரவண் வாசற்படியில் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்த்தான். நான் துணி வெட்டிக்கொண்டே, "போன வருஷத்து அளவைப் படி ஜமீலா" என்றேன்.

"நீளம் முப்பத்தாறு. இடுப்பு இருபத்தஞ்சு. தோளு பதிமூணு…"

"அது யார் பக்கம்?" என்றார் நீரஜா அம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஜமீலுன்னிசா மேலே பெயரைப் பார்த்தாள். வெங்கடரமணன். "அய்ய, தப்பா எடுத்துட்டேன்மா, மன்னிச்சுக்கோ." பக்கத்தைத் திருப்பினாள். "இந்தா, ஷ்ரவண். நீளம் முப்பத்தாறு. இடுப்பு… இருபத்தஞ்சு. தோளு…"

அதற்கு மேல் அவள் படிக்கவில்லை.

நீரஜா அம்மா நோட்டை வாங்கினார். இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றித் திருப்பி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். விரல் நான்கு வரி இறங்கி, ரமணனின் ஐந்தாவது வரியில் நின்றது. தேதி மட்டும் இருந்த வரி.

"மாஸ்டர், இது என்னது?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது, கையும் களவுமாக மாட்டிக்கொண்டவனின் சிரிப்பு. "ஒண்ணுமில்லைம்மா. நான் தம்பியை அளக்கவே இல்லை. அண்ணனோட அளவைப் பார்த்து எழுதிட்டேன். பயப்படாதீங்க, என் சோம்பேறித்தனம்தான்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"அளக்காம எழுதினேள். சரி. அப்போ நாலு வருஷமும் எப்படி மாஸ்டர் சரியா இருந்தது?"

கையால் வாசற்படியைக் காட்டினார்.

"அவன் போட்டுண்டிருக்கிறது போன வருஷத்துப் பேண்ட்" என்றார். "பாருங்கோ."

பார்த்தேன். பதினாலு வயதுப் பையனின் போன வருஷப் பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். இவனுக்குச் செருப்பின் மேல் அழகாகப் படிந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே நான் விட்ட இரண்டு அங்குல மடிப்பைப் பிரிக்கக்கூட இல்லை.

"ரமணனும் இப்படித்தான் வந்து நின்னான். துணி மிச்சம்னேள்." அதை அவர் குற்றமாகச் சொல்லவில்லை. ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். "ஆகஸ்டுக்கு இன்னும் ரெண்டரை மாசம்தான் இருக்கு. இப்போ அளங்கோ. நிஜமா அளங்கோ."

பையனைக் கூப்பிட்டேன். எழுந்து வந்தான். "நன்னா அளங்கோ மாஸ்டர். க்ளாஸ்ல எல்லாரும் என் தலைக்கு மேல போயிட்டா. பாட்டு க்ளாஸ்ல என்னை மட்டும் பொண்கள் வரிசையில உக்கார வெச்சுட்டா." வெள்ளிக் கிண்ணத்தைத் தட்டியது போன்ற குரல். அதில் ஒரு கீறல் கிடையாது.

டேப் வைத்தால் பையன்கள் நெளிவார்கள். அந்த வயசில் உடம்பே அவர்களுக்குக் கூச்சம். இவன் நெளியவில்லை. துணிக்கடை வாசலில் நிறுத்துகிற பொம்மையை அளக்கிற மாதிரி இருந்தது. நீளம் முப்பத்தாறு. மறுபடி வைத்தேன். முப்பத்தாறு. இடுப்பு இருபத்தைந்து. தோள் பதின்மூன்று. ஒரு முழு வருஷம், அதுவும் பதின்மூன்றிலிருந்து பதினாலு, ஒரு நூல்கூட நகரவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் அப்படி ஒரு பையனை இரண்டே முறைதான் பார்த்தேன். இரண்டும் ஒரே வீட்டில்.

நிமிர்ந்தேன். அந்த அம்மா டேப்பைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன வரது மாஸ்டர்?"

நான் காலை எழுந்து பல் தேய்ப்பதற்குள் நாலு பொய் சொல்கிறவன். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பொய்க்கு நாக்கு வறண்டது.

"முப்பத்தெட்டு" என்றேன். "எழுது ஜமீலா."

பக்கத்தில் உட்கார்ந்து டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பென்சிலை நிறுத்தினாள். "இன்னா எழுதணும் மாஸ்டர்?"

"காதுல விழலியா? நீளம் முப்பத்தெட்டு. இடுப்பு இருபத்தேழு. தோள் பதினஞ்சு. கழுத்து பதினாலு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதினாள். நீரஜா அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையன் தலையில் கை வைத்து அழைத்துக்கொண்டு போனார்.

தைத்து முடித்ததும் ஜமீலுன்னிசா பேண்ட்டைத் தூக்கிப் பிடித்தாள். "இதுக்குள்ள அந்தப் புள்ளையும் போலாம், அது சைக்கிளும் போலாம். தரையப் பெருக்கிக்கினே ஸ்கூலுக்குப் போவப் போவுது. மடிச்சாவது தைச்சியா?"

"மடிப்பே கிடையாது. முப்பத்தெட்டுன்னா முப்பத்தெட்டு."

"அந்த அம்மாவ நீ ஏமாத்துற மாஸ்டர்."

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

பத்தாம் நாள் பிற்பகல் வாசலில், "மாஸ்டர், ரெடியா?" என்று கேட்டது. முதல் சொல் வெள்ளிக் கிண்ணம். இரண்டாவது சொல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் அவனுக்குப் பின்னால் பார்த்தோம், கூட யாரோ பெரிய ஆள் வந்திருக்கிறார் என்று. யாரும் இல்லை. ஷ்ரவண் மட்டும்தான். கால் விரல்கள் செருப்புக்கு வெளியே தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

துணியை வாங்கிக்கொண்டு, போட்டுப் பார்க்கிற திரைக்குப் பின்னால் போனான். அங்கிருந்து பேசினான். பேச்சு மேலும் கீழும் போய் வந்தது.

"முழங்கால் ரொம்ப வலிக்கிறது மாஸ்டர். எலும்பு தனியா எழுந்து நடக்கிற மாதிரி. அம்மா நல்லெண்ணெய் தடவறா. அப்புறம்… இங்கல்லாம் முடி. அதை அம்மாகிட்ட சொல்லலை."

"சொல்ல வேண்டாம்பா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். என் குரலும் உடைந்துதான் வந்தது.

திரையை விலக்கிக்கொண்டு வந்தான். பேண்ட்டின் விளிம்பு குதிகாலில் சரியாக உட்கார்ந்திருந்தது. தோள் தையல் தோளிலேயே இருந்தது. கழுத்துப் பட்டனைப் போட்டான். பதினாலு. மூடியது.

ஜமீலுன்னிசா வாயில் வைத்திருந்த நூலை எடுத்துவிட்டு, "யா அல்லா" என்றாள். பிறகு எழுந்து வந்து என் கழுத்திலிருந்து டேப்பை உருவி அவளே அளந்தாள். இரண்டு தடவை. இடுப்பில் வைத்தபோது பையன் நெளிந்து, "ஐயோ, கூச்சமா இருக்கு" என்றான். டேப்பை என் கழுத்திலேயே திருப்பி மாட்டினாள்.

பத்து நாளில் இரண்டு அங்குலம். நான் சொன்னால் புளுகு என்பீர்கள். அவளைக் கேளுங்கள்.

அவன் போன பிறகு நோட்டைத் திறந்தோம். அவள் கையெழுத்தில் முப்பத்தெட்டு. அந்தப் பையன் நான்கு வருஷமாக அண்ணனின் பின்னால் போகவில்லை. என் நோட்டின் பின்னால் போயிருக்கிறான். எழுதியபடி வளர்ந்திருக்கிறான். எழுதாதபோது நின்றிருக்கிறான்.

"அப்போ ரமணன்…" என்று ஆரம்பித்தேன்.

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவள், நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்தாள். "அத்த நெனைக்காத மாஸ்டர். ஊசியக் கோரு."

ஆகஸ்ட் பதினேழு, ரமணன் போன தேதி, சனிக்கிழமை. காலையிலிருந்து ஊசியில் நூல் ஏறவில்லை. பதினோரு மணிக்கு ஜமீலுன்னிசா சித்திரக்குளம் வரை 'சும்மா' போய்விட்டு வந்தாள். "கதவு சாத்திக் கீது" என்றாள். நான் வெட்ட வேண்டிய சட்டையை மூன்று கையோடு வெட்டினேன். இது மிகையில்லை, அந்தத் துணி இன்னும் வீட்டில் இருக்கிறது. நான்கு மணிக்கு வாசலில் நிழல் விழுந்தது. நிலையில் தலை இடிக்காமல் குனிந்து ஷ்ரவண் உள்ளே வந்தான், கையில் சட்டை. சந்து முனையில் அவன் அம்மா நின்றுகொண்டிருந்தார். அன்று முழுக்க அவனைக் கண்ணில் வைத்திருந்தவர்.

"கழுத்து பிடிக்கிறது மாஸ்டர். பட்டனைத் தள்ளி வெச்சுக் கொடுங்கோ."

அந்த ஒரு பட்டனைத் தைக்க எனக்கு அரை மணி ஆயிற்று. மூக்குக்கண்ணாடி நனைந்துகொண்டே இருந்தது.

அவர்கள் போனதும் பென்சிலை எடுத்தேன். இந்த வேலையை வருஷா வருஷம் ஜூன் வரட்டும் என்று விட்டுவைக்க நான் என்ன மடையனா? எனக்கு ஒன்று ஆகிவிட்டால்? 1997, நீளம் நாற்பது, தோள் பதினாறரை. 1998. 1999. பக்கம் தீர்ந்தது. இன்னொரு தாளை ஒட்டினேன். 2005, இடுப்பு முப்பத்திரண்டு. அதற்குள் வேலை கிடைத்திருக்கும். 2010, முப்பத்து நான்கு. கல்யாணச் சாப்பாடு.

ஜமீலுன்னிசா எட்டிப் பார்த்தாள். "இன்னா மாஸ்டர், தொப்ப போடுறியா?"

"போடட்டுமே."

"முப்பத்தெட்டு… நாப்பது… பாவம், அந்தப் புள்ள உனக்கு இன்னா துரோகம் பண்ணுச்சு?"

"2042-ல அவனுக்கு அறுபது வயசு. இடுப்பு நாப்பத்திரண்டு" என்று எழுதி, கீழே கோடு போட்டேன். பிறகு கோட்டை மீறி இன்னும் இருபது வருஷம் எழுதினேன். எழுபதுக்கு மேல் ஆள் கொஞ்சம் குறுகுவான், ஆகவே நீளத்தில் அரை அங்குலம் குறைத்தேன். தொழில் சுத்தம் முக்கியம்.

1999-இல் கடையை மூடினேன். மூடிய அன்று ஷ்ரவண் அம்மாவோடு வந்தான். பதினேழு வயது, ஆறடி, மீசை. நோட்டை எடுத்து அந்த அம்மாவிடம் காட்டினேன், நடந்த அத்தனையையும் சொன்னேன். பையன் அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தான். கிணற்றுக் குரல் அவனுக்கு நன்றாகப் படிந்திருந்தது.

"நாப்பத்திரண்டா? மாஸ்டர், காலேஜ் போகப்போறேன். ரெண்டு அங்குலமாவது குறைங்களேன்."

"ஒண்ணும் குறைக்க வேண்டாம்" என்றார் நீரஜா அம்மா. அவர் சிரிக்கவில்லை. கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். விரல் ரமணனின் அந்தப் பழைய காலி வரிக்குப் போய் நின்றது. 1991 ஜூன். மிக மெதுவாக, பையன் காதில் விழாதபடி கேட்டார்:

"இதையும் எழுதிடுங்கோளேன் மாஸ்டர்."

சந்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மாற்றிப் பார்க்கிற திரைக்குப் பின்னால் யாரும் இல்லை. இருந்தும் திரை லேசாக அசைந்தது. நான் அதைப் பார்த்தேன், ஜமீலுன்னிசாவும் பார்த்தாள். எனக்கு ஒரு பொய்யும் வரவில்லை.

அவள்தான் நோட்டை மெல்ல வாங்கி மூடினாள். "மாஸ்டர் பென்சிலு முனை ஒடஞ்சி பூட்ச்சும்மா" என்றாள்.

என் காதில் செருகியிருந்த பென்சில் ஊசி மாதிரி இருந்தது.

நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பென்சிலைத்தான் நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை.