முழங்கால் உயரத்தில் ஒரு கேமரா

காலையில் கறந்தால் ஒரு போத்தல் நிறையும். சாயங்காலம் போய் உட்கார்ந்தால் செவத்தி ஆட்டின் மடி துடைத்து வைத்த மாதிரி தொங்கும். மூன்று வாரமாக இதே கதைதான். குட்டிகள் பால் மறந்து தனித் தடுப்பில் கிடக்கின்றன. ஆட்டுக்கு நோய் இல்லை, தீனியில் குறை இல்லை. பிறகு பால் எங்கேதான் போகிறது என்று பரஞ்சோதி மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார்.

மலேசியாவில் கரங்கான் ஊருக்கு வெளியே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றில் குலை வெட்டுகிறவர் அவர். விடிந்தால் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். மனைவி பிரேமாவதி கையுறைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிவிடுவாள். பகலில் வீட்டில் ஈ காக்கை கிடையாது. பக்கத்து வீட்டுக் காளிதாசன்தான் மத்தியானம் கொட்டகைக்குள் வந்து ஆடுகளுக்குத் தழை போடுவார். பரஞ்சோதியோடு முப்பது வருஷம் ஒன்றாகக் குலை வெட்டிய மனிதர். நெஞ்சு இழுப்பு வந்து வேலையை விட்டவர்.

"பாம்பு குடிக்குதுடா, வேற என்ன?" என்றார் காளிதாசன்.

பிரேமாவதி அதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினாள். அவர் போனதும் சொன்னாள்: "ரெண்டு கால் பாம்பு. அந்த மனுஷனுக்கு மூணு வாரமா இழுப்பே இல்ல, கவனிச்சீங்களா? செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்குமே, இப்ப கேக்குதா? ஆட்டுப் பாலு இழுப்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுது."

"கேட்டா குடுக்க மாட்டேனா நானு?"

"கேக்க வெக்கமா இருந்திருக்கும்."

பரஞ்சோதியும் கவனித்திருந்தார். அதுதான் அவரைக் குடைந்தது. பால் போனால் போகட்டும். காளிதாசன் என்றால், அப்புறம் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? பார்க்காமல்தான் எப்படி இருப்பது? சுவருக்கு அந்தப் பக்கமே குடியிருக்கிறாரே. யோசித்து யோசித்து, ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கரங்கான் டவுனுக்குப் போனார்.

டவுனில் டீக்கடை கமருன்னிசா அக்காதான் அவரிடம் பால் வாங்குகிறவர். அவர் மகன் நபீல் பக்கத்திலேயே கைப்பேசியும் கேமராவும் விற்கிறான். கடைச் சுவர் முழுக்கக் கேமராக்கள். உருண்டையாக, குழாய் மாதிரி, பல்பு மாதிரி, ஆந்தைக் கண் மாதிரி. பரஞ்சோதி உள்ளே நுழைந்ததுமே இருபது கண்ணும் அவரைத்தான் பார்த்தன. மேலே தொங்கிய டிவியில் அவருடைய வழுக்கை தெரிந்தது. தன் உச்சந்தலையை அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இவ்ளோ கொட்டிப்போச்சா?"

"எல்லாரும் மொதல்ல அதத்தான் கேப்பாங்கண்ணே" என்று சிரித்தான் நபீல். "வீட்டுக்கா, கடைக்கா?"

"ஆட்டுக்கு."

விஷயத்தைச் சொன்னார். காளிதாசன் பெயரை மட்டும் சொல்லவில்லை. நபீல் வரிசையாக எடுத்து வைத்தான். ஒயர் போட்டு, படம் பிடித்து வைக்கிற பெட்டியோடு வருவது நாலு கேமரா. கடை வைத்திருப்பவர்களுக்கு அது சரி. வீட்டில் வைஃபை இருந்தால் இது. வைஃபை இல்லாத இடத்துக்கு சிம் கார்டு போட்டது. உள்ளே சின்ன மெமரி கார்டு, பத்து நாள் படம் அதிலேயே கிடக்கும். பரஞ்சோதிக்கு ஆசையாக இருந்தது. ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, பழம் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மழை தாங்குமா?"

"தாங்கும்."

"ஆட்டு மூத்திரம்?"

"அத கம்பெனிக்காரன் எழுதலண்ணே. ஏதாச்சும் அசைஞ்சா ஒடனே ஒங்க போனுக்குச் சொல்லும்."

"ஆட்டுக் கொட்டகையில அசையாத நேரம் ஏது தம்பி? நாள் முழுக்க சொல்லிக்கிட்டே இருக்குமே."

"அப்ப ஒரு நேரம் வச்சுக்கலாம்லா. மத்தியானத்துக்கு மட்டும். இதுல பேசவும் செய்யலாம். இங்க அமுக்கிப் பேசுனா அங்க கேக்கும்."

"ஆட்டுகிட்ட என்னத்தப் பேசுறது?"

நபீல் சிரித்துவிட்டு முக்கியமான கேள்விக்கு வந்தான். "அண்ணே, ஒங்களுக்கு என்ன தெரியணும்? கொட்டகை முழுக்க தெரியணும்னா ஆளு சின்னதா தெரிவான், மூஞ்சி வெளங்காது. மூஞ்சி தெரியணும்னா வேற லென்சு, வாசலப் பாத்து வைக்கணும். இது ரெண்டுல எது?"

பரஞ்சோதி வந்ததே அந்த மூஞ்சிக்குத்தான். சுவரில் இருந்த கண்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"மூஞ்சி வேணாம்" என்றார் கடைசியில். "ஆட்டு மடி தெரிஞ்சா போதும். கீழ வச்சுடலாம். முழங்கால் உயரத்துல."

"அவ்ளோ கீழ யாரும் வைக்க மாட்டாங்கண்ணே. கை காலுதான் தெரியும்."

"தெரியட்டும்."

சிம் கார்டு போட்டதை வாங்கிக்கொண்டு வந்து, விளக்குக்குப் போன ஒயரிலிருந்து கரண்ட் எடுத்து, கொட்டகைத் தூணில் தாழ்வாகப் பூட்டினார். சத்தம் கேட்டுக் காளிதாசன் எட்டிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"கேமரா. பாம்பப் பாக்க."

காளிதாசன் கேமராவைப் பார்த்தார், பரஞ்சோதியைப் பார்த்தார். "ஓ" என்றார். தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் செம்பனை நிழலில் உட்கார்ந்து பரஞ்சோதி கைப்பேசியைத் திறந்தார். திரை முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக ஒரே குழம்பல். பதறிப்போய் நபீலைக் கூப்பிட்டார். அவர் அனுப்பிய படத்தை நபீல் தன் கைப்பேசியில் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"அண்ணே, பொட்டு வச்சிருக்காங்க! நேரா கண்ணு மேலயே!"

வீட்டுக்கு வந்து பார்த்தால் அப்படித்தான். சந்தனம், அதன் நடுவில் குங்குமம், கீழே கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம் வேறு. புது சாமான் வந்தால் வைக்கிறதுதானே என்றாள் பிரேமாவதி. "பிரிட்ஜுக்கு வச்சேன், ஒங்க மோட்டாருக்கு வச்சேன். இதுக்கு நெத்தி எது, கண்ணு எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

துடைத்துவிட்டுப் பொட்டைத் தூணுக்கு மாற்றினார்கள்.

அடுத்த நாள் படம் தெளிவாக விழுந்தது. செவத்தி அசை போடுகிறது. வால் ஆடுகிறது. பரஞ்சோதி சோற்றைத் தொடவே இல்லை. பன்னிரண்டரைக்கு இரண்டு கால்கள் உள்ளே வந்தன. ஒரு செருப்புக்கு நீல வார், மற்றதற்குப் பச்சை வார். மூஞ்சி வேண்டாம் என்று கீழே வைத்தோமே, அந்தச் செருப்பைத் தெரியாதா நமக்கு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காளிதாசனின் வலது காலில் முள் ஏறிய தழும்பு. அந்த முள்ளை எடுத்துவிட்டதே பரஞ்சோதிதான்.

தழைக்கட்டு விழுந்தது. ஒரு கை மெதுவாகச் செவத்தியை நோக்கி இறங்கியது. அந்தக் கை ஆட்டின் காது மடலைப் புரட்டி, உண்ணி ஒன்றைப் பிடுங்கி, தரையில் நசுக்கியது. ஆட்டின் முதுகை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வெளியே போய்விட்டது.

சரி, இனி பாம்புதான் வர வேண்டும். பரஞ்சோதி கண்ணை எடுக்காமல் பார்த்தார். கால் மணி நேரம் கழித்துச் செவத்தி எழுந்தது. அக்கம்பக்கம் பார்த்தது. பின்னங்காலைச் சற்று அகட்டி, கழுத்தை வளைத்து, தலையைத் தன் வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய்த் தன் காம்பைத் தானே வாயில் கவ்வியது. சப்பிச் சப்பிக் குடித்தது. ஒரு காம்பு வற்றியதும் அடுத்த காம்பு.

"அடி திருட்டுக் கழுதை!"

மரத்தடியில் தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தவரைத் தூரத்தில் வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் குளித்த கையோடு கைப்பேசியை எடுத்துக்கொண்டு காளிதாசன் வீட்டுக்குப் போனார். காளிதாசன் படத்தை இரண்டு தடவை பார்த்தார். இரண்டு தடவையும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"பாம்பப் பாக்கத்தான் வச்சேன்னு சொன்னே."

"ஆமா."

"பாம்பு தரையிலதானடா வரும்? முழங்கால் உயரத்துல எந்தப் பாம்பு வரும்?"

பரஞ்சோதி தரையைப் பார்த்தார். பொய் ஒன்று நாக்கு வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். "ஒனக்கு இழுப்பு இல்லாமப் போச்சு. அதான். நீயா இருந்தா மூஞ்சியப் பாக்க வேணாமேன்னு கீழ வச்சேன்."

"சிகரெட்ட விட்டுட்டேன். மூணு வாரம் ஆச்சு. ஒங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு ரெண்டு தடவ வந்தேன். நீ என் மூஞ்சியப் பாத்தே பேசல. கேமரா பூட்டுனப்பத்தான் ஏன்னு புரிஞ்சுது."

"புரிஞ்சுமா தழை போட வந்தே?"

"ஆடு என்ன பாவம் பண்ணுச்சு?"

காளிதாசன் எழுந்து கத்தியை எடுத்தார். செம்பனை மட்டையைச் சீவி ஒரு முழக் குச்சிகளாக நறுக்கினார். அவர் நறுக்க நறுக்க, பரஞ்சோதி கயிற்றில் கோத்தார். அதை மாலை மாதிரி செவத்தியின் கழுத்தில் கட்டினார்கள். இனி அதால் தலையை வயிற்றுப் பக்கம் திருப்ப முடியாது. காளிதாசன் கத்தியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் பன்னிரண்டரைக்குப் பரஞ்சோதி கைப்பேசியைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். வருவாரா, மாட்டாரா? பன்னிரண்டே முக்கால் ஆனது. நீல வார், பச்சை வார். தழைக்கட்டு விழுந்தது. கால்கள் திரும்பின. வாசல் வரை போய், நின்று, மறுபடி வந்தன. முழங்கால் மடங்கியது, ஒரு கை தரையில் ஊன்றியது. நரைத்த தாடியும் வெற்றிலைப் பல்லுமாகக் காளிதாசன் முகம் திரையை அடைத்துக்கொண்டு வந்து நின்றது.

"டேய்" என்றது முகம். "இப்பத் தெரியுதா மூஞ்சி?"

எதை அமுக்கிப் பேசுவது என்று பரஞ்சோதி விரலால் தடவித் தேடினார். ஒரு வழியாகக் கிடைத்தது.

"தெரியுதுடா" என்றார்.

கேமராவிலிருந்து கிளம்பிய குரலைக் கேட்டுச் செவத்தி மிரண்டு, குச்சி மாலை கடகடக்க எகிறியது. காளிதாசன் அப்படியே பின்பக்கமாகத் தழைக்கட்டின் மேல் விழுந்தார். திரையில் இரண்டு செருப்புகளும் மேலே பார்த்து ஆடின. அவர் திட்டுவது மட்டும் நன்றாகக் கேட்டது.