மைனஸ் இருபத்தெட்டில் செங்குத்துச் சரிவு

தோழி குன்வோர் போன் செய்தபோது எலின் இன்னும் போர்வைக்குள்தான் இருந்தாள். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. இன்றைக்குப் பனிச்சறுக்க மலைக்குப் போயே ஆகவேண்டும் என்று குன்வோர் ஒற்றைக்காலில் நின்றாள். எலினுக்குச் சாக்கு எதுவும் அகப்படவில்லை. அவள் ஓட்டும் பேருந்துக்கு அன்று மாற்று ஆள் என்பது, ஊரில் பாதிப் பேருக்கு முடி வெட்டிவிடுகிற குன்வோருக்குத் தெரியாமலா இருக்கும்?

மலையில் ஈ, காக்கை இல்லை. லிஃப்ட் நாற்காலியில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து மேலே போனார்கள். கண்ணிமை முடியெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை குன்வோர் எலினின் முகத்துணியை இறக்கி, மூக்கு உறைந்து வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாள். எலினும் பதிலுக்குப் பார்த்தாள். தன் மூக்கின் நிலவரம் தனக்குத் தெரியாத குளிர் அது.

உச்சியில் இறங்கியதும் எலின் வழக்கம்போல வலப்பக்கம், குழந்தைகள் போகும் சரிவுக்குத் திரும்பினாள். இரண்டு வருஷத்துக்கு முன் இடப்பக்கச் செங்குத்தில், பனி கண்ணாடியாய் இறுகிக்கிடந்த ஒரு நாளில், அவள் காலை ஒடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. குன்வோரும் அதைப்பற்றி இதுவரை மூச்சு விட்டதில்லை.

இன்று குன்வோர் இடப்பக்கம் போய் நின்றாள்.

"அந்தப் பக்கம் நான் வரலடி," என்றாள் எலின்.

"இவ்வளவு குளிர்ல பனி வழுக்காது. மணல்ல போற மாதிரிதான் இருக்கும். வேகமா போகணும்னு நீ ஆசைப்பட்டாக்கூட நடக்காது. இப்படி ஒரு நாள் வரட்டும்னு நான் குளிர்காலம் பூரா காத்துக்கிட்டிருக்கேன்."

இத்தனை நாளாகக் குன்வோர் தனக்காக வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எலினுக்கு அப்போதுதான் புரிந்தது. கோல்களை ஊன்றி இடப்பக்கம் திரும்பினாள்.

குன்வோர் முன்னால் போனாள். அவள் சொன்னது சரிதான். சறுக்குப் பலகைகளுக்கு அடியில் பனி கிறீச்சிட்டு முரண்டு பிடித்தது. அப்படியும் எலின் குறுக்கும் நெடுக்குமாய் ஊர்ந்துதான் இறங்கினாள்.

பாதிச் சரிவில் டப்பென்று ஒரு சத்தம். குன்வோரின் பழைய பிளாஸ்டிக் பூட்ஸ் குளிரில் நொறுங்கிப் பிளந்திருந்தது. ஒரு பலகை கழன்று ஒருபுறம் ஓட, அவள் மறுபுறம் உருண்டு, கீழே போய் உட்கார்ந்தாள்.

எலின் யோசிக்கவில்லை. இருப்பதிலேயே செங்குத்தான அந்தத் துண்டில் நேராக இறங்கிப்போய் அவள் பக்கத்தில் நின்றாள். அடி எதுவும் இல்லை. ஆனால் பிளவு வழியே காலுறை தெரிந்தது. அங்கேயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருந்தால் கால்விரல் உறைந்துபோகும். எலின் தன் கம்பளிச் சால்வையை அவிழ்த்து பூட்ஸைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். ஓடிய பலகையை எடுத்துக் குன்வோரின் அக்குளில் செருகினாள். பிறகு தன் கோலின் முனையைப் பின்னால் நீட்டினாள்.

"நல்லா பிடிச்சு நில்லுங்க, வண்டி கெளம்புது," என்றாள்.

"டிரைவரம்மா, மெதுவா ஓட்டுங்க. எனக்கு ஒரு கால்தான் இருக்கு."

முன்னால் எலின் பலகைகளை ஆப்புபோல விரித்துப் பிடித்து இறங்க, பின்னால் குன்வோர் ஒற்றைப் பலகையில் தொற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு முறை சாய்ந்தார்கள். சிரித்ததில்தான் சாய்ந்தார்கள்.

அடிவாரக் குடிலில் எலின் தன் ஸ்வெட்டரைத் தூக்கி, குன்வோரின் வெறுங்காலை வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. எலின் கத்தியதில் வாஃபிள் அப்பம் சுட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். விரல்களில் ஊசி குத்துவதுபோல உயிர் திரும்பியதும் குன்வோர் கெட்ட வார்த்தைகளில் கடவுளுக்கு நன்றி சொன்னாள். பழுப்புப் பாலாடைக்கட்டி உருகிய வாஃபிளை இருவரும் சூடாக விழுங்கினார்கள்.

குன்வோர் கார் சாவியை எடுத்தாள். எலின் மறுபடி முகத்துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"நீ காப்பி குடிச்சுக்கிட்டு இரு. ஒரு தடவ போயிட்டு வந்துடறேன்."

குன்வோர் சன்னலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியில் படிந்த உறைபனியை நகத்தால் சுரண்டி ஓட்டை போட்டாள். வெகுநேரம் கழித்து மேலே செங்குத்துச் சரிவில் ஒரு சிவப்புப் புள்ளியாக எலினின் கோட்டு தெரிந்தது. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு அகலமான வளைவுகளாக இறங்கி வந்தது. சமதரைக்கு வந்ததும் எலின் கைகளை உயர்த்திக் காட்டினாள். அதில் நிதானம் தவறி, சன்னலுக்கு நேர் எதிரே பொத்தென்று உட்கார்ந்தாள். எழுந்திருக்க அவசரப்படாமல் அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். உள்ளே கண்ணாடியைத் தட்டித் தட்டிக் குன்வோரின் கை சிவந்துபோனது.