கவர்னரின் மூலையில் பதினாறாவது ஆள்

விளம்பரம் என்னவோ முப்பது விநாடிதான். ஆனால் அந்த ஜனவரியில் அயோவாவில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் அதுதான். வானிலைச் செய்திக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை.

“கவர்னர் பிரண்டேஜ் மனநல ஆஸ்பத்திரியை மூடினார். இதே மாவட்டத்தில் இருபத்துநாலு வயது இளைஞன் ஒருவன் படுக்கை கிடைக்காமல் வீடு திரும்பினான். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை. பிரண்டேஜ் ஜனாதிபதியாகலாமா?”

கடைசியில் செனட்டர் லோரிங்கின் சிரித்த முகம். இரண்டு பேரும் ஒரே கட்சிதான். கட்சியின் ஒற்றை வேட்பாளர் யார் என்பதில்தான் இத்தனை குடுமிப்பிடி.

இளைஞனின் பெயரைச் சொல்லவில்லை. தொள்ளாயிரம் பேர் இருக்கிற ஊரில் பெயர் எதற்கு? லவோனின் மகன் கர்ட், பனியில் கார் வழுக்கி இறந்தான் என்றுதான் ஊர் ஆறு வருஷமாக நம்பியிருந்தது. பாதிரியாரும் அப்படிச் சொல்லித்தான் அடக்கம் செய்தார். கடிதம் இருந்தது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி லவோன். இன்னொருத்தி அவளுடைய முப்பது வருஷத் தோழி மார்லிஸ்.

மார்லிஸ் கெட்டவள் இல்லை. லோரிங்கின் பிரசார அலுவலகத்தில் தொண்டர்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். கவர்னரால் பாதிக்கப்பட்டவர்கள் யாரையாவது தெரிந்தால் எழுதச் சொன்னார்கள். மற்றவர்கள் சாலை, பள்ளிக்கூடம் என்று இரண்டு வரி கிறுக்கினார்கள். மார்லிஸ் அழுதுகொண்டே அட்டையின் இரண்டு பக்கமும் நிரப்பினாள். கர்ட்டுக்கு ஞானஸ்நானம் ஆனபோது அவனைக் கையில் ஏந்தி நின்றவள் அவள். ஆஸ்பத்திரியை மூடியவனை உலகம் அறியட்டும் என்ற ஆத்திரம். பேரை மட்டும் எழுதவில்லை, அதுவே போதும் என்று நினைத்துவிட்டாள். அட, புத்தி கெட்டவளே!

விளம்பரத்தைப் பார்த்த கையோடு அலுவலக மேலாளருக்குப் போன் போட்டாள்.

“நிறுத்துங்க அத! அந்தப் பையனோட அம்மா உயிரோட இருக்காங்க!”

“பேரே வரலியே மேடம். ஒரே வாரத்துல கருத்துக்கணிப்புல ஆறு புள்ளி ஏறியிருக்கோம். இப்பப் போய் நிறுத்தச் சொல்றீங்களே?”

மூன்று நாள் லவோன் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டத்தன்று பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊரே திரண்டிருந்தது. அங்கே வாக்குச்சீட்டு, மறைப்பு எல்லாம் கிடையாது. யாருக்கு ஆதரவோ அவர் பேர் ஒட்டிய மூலையில் எல்லோர் கண்ணெதிரிலும் போய் நிற்க வேண்டும். மார்லிஸும் லவோனும் இதுவரை வேறு வேறு மூலையில் நின்றதே இல்லை.

லவோன் வந்தாள். பேச்சுச் சத்தம் சட்டென்று அடங்கியது. பார்க்காதது போல எல்லோரும் பார்த்தார்கள். அவள் நேராக நடந்து பிரண்டேஜின் மூலையில் போய் நின்றாள்.

மார்லிஸ் அவளிடம் ஓடினாள்.

“லவோன், நம்ம மூல அங்க இருக்குடி.”

“அது உன் மூல.”

“ஆஸ்பத்திரிய மூடினவன்டி இவன்!”

“ஆமா, மூடினான். நான் மறக்கல. ஆனா எம்புள்ளையோட லெட்டரப் பத்தி டிவில பேசினது இவன் இல்லியே.”

மார்லிஸ் தன் மூலைக்குத் திரும்பினாள்.

கூட்டத் தலைவர், விதைக்கடை எல்ராய், தலைகளை எண்ணினார். “மொத்தம் நூத்திநாலு. பதினாறுக்குக் கொறஞ்ச மூல செல்லாது. பிரண்டேஜுக்குப் பதினஞ்சு. ஒத்த ஆளு இல்லாமப் போச்சேப்பா! கால் மணி நேரம் தர்றேன். மாறுறவங்க மாறிக்கலாம்.”

மார்லிஸ் சட்டையிலிருந்த லோரிங் பேட்ஜைக் கழற்றினாள். அந்த மூலைக்கே அவள்தான் தலைவி.

“ஏய், எங்க கிளம்பிட்ட? கிறுக்குப் பிடிச்சிருச்சா?” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கூடத்தின் நடுவே தனியாக நடந்தாள். இத்தனை பேர் முன்னால் அவமானப்பட்டால் கொஞ்சமாவது கணக்குத் தீராதா என்ற நப்பாசை. லவோன் பக்கத்தில் போய் நின்றாள். தோளோடு தோள் உரசியது.

“பதினாறு!” என்றார் எல்ராய். அந்த மூலையில் கைதட்டினார்கள்.

“உனக்காகத்தான்டி வந்தேன்,” என்றாள் மார்லிஸ் மெல்ல.

லவோன் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. அதைத்தான் மார்லிஸால் தாங்க முடியவில்லை.

“எனக்காக நீ செஞ்சதெல்லாம் போதும் மார்லிஸ்.”

லவோன் நாற்காலியில் கிடந்த மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் போட்டாள். கையுறை அணிந்தாள். யாரும் வழிமறிக்கவில்லை. கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தது.

எல்ராய் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எண்ணினார். மார்லிஸையும் சேர்த்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.